வெள்ளிக்கிழமை விழுந்த பிரேக்கர்

என்னை அறிமுகப்படுத்திய தம்பி நல்ல பிள்ளை. ஆனால் அவர் இப்போது உங்களுக்குச் சொன்னது பொய். "நாலு நோயாளிகளின் உயிர் ஊசலாடிய நேரத்தில், ஜெனரேற்றர் பிரேக்கர் ஏன் விழுகிறது என்பதை ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்தவர் எங்கள் பழைய போர்மன் ஐயா" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் வழக்கம்போலத் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டேன். வாங்கிப் பழகிய தலை, சொன்னாலும் கேட்காது.

நான் அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கவில்லை. முழுதாக ஏழு நாள், ஒரு கிழமைக்கு முதலே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று அதைத்தான் சொல்லப் போகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வயரிங் பற்றிச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. அதெல்லாம் நீங்கள் போனில் பார்த்தே படித்துவிடுவீர்கள்.

வன்னியில் ஒரு வைத்தியசாலையில் இருபத்தாறு வருடம் மின் வேலை பார்த்து, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான போர்மன் ஆனவன் நான். போரில் பெற்றோல் தடைப்பட்டு, மண்ணெண்ணெயில் மோட்டர் சைக்கிள் ஓட்டிய காலத்தில் வேலை பழகினேன். எனக்குப் பழக்கிய மனிதர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "நிண்டதை ஓட வை. ஏன் நிண்டதெண்டு பேந்து பாப்பம்." பிறகு என்ற அந்தப் 'பேந்து' ஒருநாளும் வந்ததில்லை. அதற்குள் அடுத்தது நின்றுவிடும். அந்தக் காலத்துக்கு அது சரியான படிப்பு. ஆனால் காலம் மாறிய பிறகும் நான் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். போர்மன் கை வைத்தால் ஓடும் என்று ஊரே சொல்லும்போது யார்தான் விடுவார்கள்?

அப்படி இருந்த இடத்துக்குத்தான் ஜெசிந்தா வந்தாள். இன்று அவர் உங்கள் மேலதிகாரி, அதோ பின்வரிசையில் இருக்கிறார். மன்னிக்க வேண்டும். அன்று எனக்கு அவள் 'அவள்'தான். மனதுக்குள் அதைவிட மோசமான சொற்களும் இருந்தன. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பம், வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, ஒரு ஆடைத் தொழிற்சாலையில் மூன்று வருடம் இயந்திரம் பார்த்துவிட்டு வந்தவள். வந்த முதல் நாளே என்னிடம் கேட்டாள்.

"ஐயா, எந்தெந்த லைன் எங்கெங்க போகுதெண்டு ஒரு படம் இருக்கோ?"

நான் என் நெற்றியைத் தட்டிக் காட்டினேன். "படம் இஞ்ச இருக்கு, பிள்ளை."

அவள் சிரிக்கவில்லை. ஒரு கொப்பி வாங்கி வந்து, ஒவ்வொரு கூரைக்குள்ளும் ஏறி, தானே வரையத் தொடங்கிவிட்டாள். எனக்கு முதல் நெருப்பு அங்கேதான் பற்றியது.

பிறகு ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினேன். இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவிலிருந்து சிஸ்டர் போன் எடுப்பார். "ஜெசிந்தா நிக்கிறாவோ?" என்பார். "நான் நிக்கிறன் சிஸ்டர், என்ன விசயம்?" என்று கேட்டால், "இல்லை, பரவாயில்லை ஐயா, அவா வரட்டும்" என்பார். அந்தப் 'பரவாயில்லை' என் நெஞ்சில் முள் போலக் கிடந்தது. இருபத்தாறு வருடம் நான் தேத்தண்ணி குடித்த கன்ரீனில் எனக்கு ஒருநாளும் இஞ்சி தட்டிப் போட்டதில்லை. அவளுக்குப் போட்டார்கள். நான் மூன்று தரம் முயன்றால் ஸ்டார்ட் எடுக்கும் பழைய தண்ணீர்ப் பம்பு, அவள் தொட்டதும் எடுத்தது. சனியன் பிடித்த பம்பு! அதற்கும் ஆள் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். இரும்பின் மேலும் பொறாமைப்பட்டவன் நான், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் எங்களுக்குப் புது ஜெனரேற்றர் ஒன்று வந்திருந்தது. பழையதில் இல்லாத ஒரு காவல் அதன் பிரேக்கரில், அதாவது கட்டடத்துக்குக் கரண்டை விடும் பெரிய சுவிட்சில், இருந்தது. கட்டடத்துக்குள் போன கரண்ட் முழுதாகத் திரும்பி வராமல் எங்கேயாவது மண்ணுக்குள் கசிந்தால், அந்தக் காவல் உடனே பிரேக்கரை விழுத்திக் கரண்டை வெட்டிவிடும். ஊர் லைனில் இப்படி ஒரு காவல் இல்லை. ஆகவே ஊர்க் கரண்ட் இருக்கும்வரை கசிவு இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. ஜெனரேற்றர் ஓடும்போதுதான் வெளிக்கும். இவ்வளவு தெரிந்தால் உங்களுக்கு இந்தக் கதைக்குப் போதும்.

மாரி தொடங்கிய ஒரு நாள் மத்தியானம் ஊர்க் கரண்ட் போனது. ஜெனரேற்றர் தானாக ஸ்டார்ட் எடுத்து, சுமையை வாங்கி, இரண்டு வினாடியில் பிரேக்கர் 'டக்' என்று விழுந்தது. இயந்திரம் ஓடுகிறது, கட்டடத்தில் கரண்ட் இல்லை. பிரேக்கரைத் தூக்கிப் போட்டேன், மறுபடி விழுந்தது. மூன்றாம் தரம் அந்தக் காவலின் திருகைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். அதாவது, இன்னும் கொஞ்சம் கசிந்தாலும் பொறுத்துக்கொள் என்று அதற்குச் சொன்னேன். பிரேக்கர் விழாமல் நின்றுவிட்டது. வைத்தியசாலைக்குப் பொறுப்பான பெரிய டொக்டர் எல்லோருக்கும் முன்னால் என் தோளில் தட்டினார். நான் ஜெசிந்தாவைத்தான் பார்த்தேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயா, எங்கயோ கசியுது. நாங்க காவல்காரன்ர காதைத்தான் பொத்தியிருக்கிறம்" என்றாள்.

"ஓடுது தானே, பிள்ளை? ஓடுறதைப் பாரும்" என்றேன்.

இரண்டு கிழமை கழித்து மறுபடி. அதற்கு அடுத்த கிழமையும். ஒவ்வொரு தரமும் இரண்டு மூன்று முறை விழும், நான் திருகைக் கூட்டுவேன், பிறகு விழாமல் நிற்கும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான் அது என்று எனக்குத் தெரியாது. என் கைராசி என்றே நினைத்தேன். திருகு அதன் கடைசி எல்லைக்கு வந்துவிட்டது. அந்த மூன்றாம் நாளே ஜெசிந்தா எனக்குச் சொல்லாமல் பெரிய டொக்டரிடம் போனாள்.

"இதை இப்பிடியே விட்டா, ஆரேன் வயரில கை வச்சுச் செத்தாலும் பிரேக்கர் விழாது, டொக்டர்."

டொக்டர் என்னைக் கூப்பிட்டார். திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொன்னார். காரணத்தை ஜெசிந்தா தேடட்டும் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "நீங்க அலையாதேங்கோ ஐயா. அடுத்த வருசம் பென்சன் தானே, ஆறுதலா இருங்கோ" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைக் கொண்டுபோய் அடுப்பில் போடு என்று வந்தது எனக்கு.

அவள் எப்படித் தேடினாள் தெரியுமா? மீற்றரைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. சமையற்கட்டில் போய், "பிரேக்கர் விழுந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?" என்று கேட்டாள். சலவைக்காரரிடம் கேட்டாள். கூட்டுகிற அக்காமாரிடம் கேட்டாள். கரண்டைப் பற்றிச் சோறு காய்ச்சுகிறவரிடம் விசாரிக்கும் கெட்டிக்காரி என்று நான் கன்ரீனில் நக்கல் அடித்தேன். என் காலத்தில் போர்மன் சிற்றூழியரிடம் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் மரியாதை போய்விடும் என்று ஒரு எண்ணம். தம்பிமார், தங்கச்சிமார், அந்த மரியாதையை நான் எவ்வளவு கவனமாகக் கட்டிக் காத்தேனோ, அவ்வளவு குருடாக இருந்தேன்.

அன்று பின்னேரமே அவள் கொப்பியோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, மூண்டு தரம் விழுந்திருக்கு. மூண்டும் வெள்ளிக்கிழமை. மூண்டும் பன்ரண்டு மணிக்குக் கிட்ட. மூண்டும் மழை பெஞ்ச நாள். மற்ற நாளில கரண்ட் போய் ஜெனரேற்றர் ஓடினாலும் விழேல்ல. வெள்ளிக்கிழமை மத்தியானம் இஞ்ச என்ன நடக்குது?"

எனக்கு அந்த இடத்தில் எல்லாம் வெளித்தது. வைத்தியசாலை வளவுக்குள் சின்னப் பிள்ளையார் கோயில் ஒன்று இருக்கிறது. கனடாவில் இருக்கும் ஒருவர் அதற்கு மோட்டரில் ஓடும் மேளமும் மணியும் சேர்ந்த பெட்டி ஒன்றை உபயம் செய்திருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசையில் ஐயர் சுவிட்சைப் போட்டால் அது பத்து நிமிடம் தானே அடிக்கும். அந்தப் பெட்டி வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, தீபாராதனை நேரம் பார்த்து ஊர்க் கரண்ட் போய் மேளம் நின்றுவிட்டது. சனம் முகத்தைச் சுழித்தது. "போர்மன் இருக்கேக்க இப்பிடியோ?" என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான். அடுத்த நாளே நான் ஜெனரேற்றர் ஓட்டும் வைத்தியசாலையின் அவசர லைனிலிருந்து, வெளி விளக்குகளுக்குப் போகும் வயரில் இருந்து, மேளத்துக்கு ஒரு கிளை இழுத்துக் கொடுத்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. ஒரு படத்திலும் போடவில்லை. அடுத்த பூசையில் ஐயர் எனக்குத் தனியாக வெற்றிலை, பாக்கு, பழத்தோடு காளாஞ்சி மரியாதை தந்தார்.

பிறகு ஒருநாள், மேளச் சத்தம் மூலஸ்தானத்துக்குக் கிட்ட அதிகம் என்று பெட்டியை வெளியே கொட்டிலுக்கு மாற்றினார்கள். சுவிட்ச் ஐயருக்குக் கிட்டவே இருக்க, நடுவில் நான் கையில் கிடந்த வயரை ஒட்டுப் போட்டு, கறுப்பு ரேப் சுற்றி, மண்ணுக்குள் புதைத்துவிட்டேன். நிண்டதை ஓட வை. பேந்து பாப்பம். அந்த ஒட்டில்தான் மழைத் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். மேளம் அடிக்கும் பத்து நிமிடம் கசியும். பூசை முடிந்தால் கசிவும் முடியும். என் திருகுக் கைராசியின் இரகசியம் அதுதான்.

"கோயில் மேளம் அந்த நேரம்தானே அடிக்கிறது, ஐயா? கோயிலுக்குக் கரண்ட் எங்கயிருந்து போகுது?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

நான் சொன்னேன்: "கோயிலுக்குத் தனி மீற்றர், பிள்ளை."

அது பொய்யில்லை. கோயில் விளக்குகளுக்கெல்லாம் தனி மீற்றர்தான். உண்மையைப் போல உடுப்புப் போட்ட பொய் அது. அதைச் சொல்லிவிட்டு நான் மேசையில் இருந்த பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டேன். வேலையில் பிழை விடாதவன் இல்லை. அந்த ஒட்டைப் பற்றி நான் இன்று இவ்வளவு வெட்கப்படவில்லை. இந்த ஒரு வசனத்துக்குத்தான்.

அடுத்து வந்த ஏழு நாளும் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தோசமாக இருந்தேன். அவள் மழைக்குள் ஒவ்வொரு லைனாகக் கழற்றிச் சோதித்தாள். வெளி விளக்கு லைனையும் சோதித்தாள். கோயில் சுவிட்ச் நிறுத்தியிருந்ததால் ஒட்டுவரை கரண்ட் போகவில்லை, கசிவும் தெரியவில்லை. நான் கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு பின்னேரமும் கேட்பேன்.

"கிடைச்சுதோ, பிள்ளை?"

"இல்லை ஐயா."

அந்த 'இல்லை'யைக் கேட்டால் எனக்கு இரவுச் சாப்பாடு ருசித்தது. ஆனால் புதன்கிழமை பார்த்தேன், சிஸ்டர் அவளுக்குப் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்து, "பாவம் பிள்ளை, சாப்பிடாமல் நிக்குது" என்று ஊட்டாத குறையாகக் கொடுத்தார். அட கடவுளே! தோற்றாலும் பாசம் அவளுக்குத்தானா? நான் தோற்றபோதெல்லாம் எனக்கு யார் சம்பல் கொண்டு வந்தார்கள்?

வியாழக்கிழமை மனம் கேட்காமல், ஒட்டை நானே இரகசியமாகக் கழற்றிவிடுவோம் என்று குறட்டோடு கோயிலடிக்குப் போனேன். கொட்டில் வாசலில் நின்று யோசித்தேன். கழற்றினால் நாளைக்குப் பிரேக்கர் விழாது. விழாவிட்டால் எல்லோரும் என்ன சொல்வார்கள்? ஜெசிந்தா திருத்திவிட்டாள் என்பார்கள். குறட்டை உடுத்திருந்த சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியலிலிருந்து மழை. மழை பெய்தால் எங்கள் பக்கம் ஊர்க் கரண்ட் எப்படியும் ஒருதரம் போகும். இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் நாலு பேர் மெசினில் இருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் துரைராசா, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். சிறுநீரகம் இரண்டும் போய், கிழமைக்கு இரண்டு நாள் வருவார். அவரது மனைவி புவனம் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பார். உடம்பில் உள்ள இரத்தம் குழாய் வழியாக மெசினுக்குப் போய், சுத்தமாகித் திரும்பி வர வேண்டும். கரண்ட் நின்றால் குழாய்க்குள் இரத்தம் நிற்கும். நின்றால் உறையும். அந்தப் பழைய மெசின்களின் பற்றரிகள் சில நிமிடம்கூடத் தாங்காதவை.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் நான் அந்தப் பிரிவின் வாசலில் போய் நின்றேன். ஏன் போனேன்? உதவி செய்யவா? இல்லை. கரண்ட் போனால் அவள் தடுமாறுவதையும், சிஸ்டர் என்னைத் தேடுவதையும் பக்கத்தில் நின்று பார்க்கப் போனேன்.

கரண்ட் போனது. ஜெனரேற்றர் எடுத்தது. ஜன்னலுக்கு வெளியே மேளம் 'டும் டும்' என்று இரண்டு அடி அடித்து நின்றது. விளக்குகளும் நின்றன. பிரேக்கர் விழுந்துவிட்டது. ஜெனரேற்றர் அறையில் ஜெசிந்தா தூக்கிப் போட்டிருப்பாள், மறுபடி இரண்டு அடி, மறுபடி நின்றது. மெசின்கள் கத்தத் தொடங்கின. இப்படி நேரத்துக்கு மெசினில் மடித்து வைத்த கைபிடி ஒன்று இருக்கிறது, கையால் சுற்றி இரத்தத்தை உடம்புக்கே திருப்பலாம். மெசின் நாலு, தாதிமார் மூன்று பேர்.

"போர்மன் ஐயா, பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ! இதைப் பிடியுங்கோ!" என்று சிஸ்டர் கத்தினார். "அம்புக்குறிப் பக்கமா, மெதுவா, ஒரே மாதிரிச் சுத்துங்கோ. நிப்பாட்டக் கூடாது!"

அது துரைராசாவின் மெசின். அவரது இரத்தம் என் கையில் இருந்தது. நான் சுற்றினேன். அவர் மெல்லச் சிரித்து, "நீங்க நிக்கிறியள் தானே அண்ணை, எனக்குப் பயமில்லை" என்றார்.

வெளியே மறுபடி 'டும் டும்'. மறுபடி நின்றது. மேளத்தை நிறுத்தாமல் அவள் எத்தனை தரம் தூக்கிப் போட்டாலும் அது விழும் என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே மனிதன் நான். என் கை சுற்றுவதை விட முடியாது. இடக் கையால் அவளுக்குப் போன் எடுத்தேன். ஜெனரேற்றர் இரைச்சலில் அவளுக்கு எங்கே கேட்கும்?

பிள்ளையள், இந்த இடத்தைக் கவனியுங்கள். வாசலில் புவனம் வந்து நின்றார். அவரிடம் நான் ஒரேயொரு வசனம் சொன்னால் போதும்: "ஓடிப் போய், மேளத்தை நிப்பாட்டச் சொல்லி ஐயரிட்டச் சொல்லுங்கோ." அவர் ஓடியிருப்பார். நான் சுற்றிக்கொண்டே இருந்திருப்பேன். ஒரு சொட்டு இரத்தமும் போயிருக்காது. ஆனால் அதைச் சொன்னால் சிஸ்டருக்குக் கேட்கும். மேளம்தான் காரணம் என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கணக்குத்தான் ஓடியது.

"தங்கச்சி, இஞ்ச வாங்கோ. இதைச் சுத்துங்கோ, நிப்பாட்டாதேங்கோ" என்று கைபிடியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் ஓடினேன்.

மழைக்குள் ஓடி, செருப்போடு கோயிலுக்குள் ஏறி, சுவிட்சை நிறுத்தினேன். "பூசை நேரத்தில என்ன போர்மன் இது?" என்று ஐயர் திகைத்துப் போனார். அங்கிருந்து ஜெனரேற்றர் அறைக்கு ஓடினேன். ஜெசிந்தா வியர்த்து, முகம் வெளிறி நின்றாள்.

"இப்பப் போடும்!"

போட்டாள். இந்தத் தரம் விழாமல் நின்றது. அவள் பிரேக்கரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். மழையில் நனைந்து, காலில் கோயில் மணலோடு நின்றேன். பிறகு ஜெனரேற்றர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் மறுபடி உள்ளே போனபோது மூன்று பேரின் இரத்தமும் பத்திரமாகத் திரும்பியிருந்தது. துரைராசாவின் குழாயில் மட்டும், பழக்கமில்லாத கை இடையில் நின்றதால், கறுத்து உறைந்து நின்றது. புவனம் இன்னும் கைபிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். சிஸ்டர் அவரது விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உறைந்த இரத்தத்தை உடம்புக்குள் விட முடியாது, குழாயோடு எறிய வேண்டும். ஒரு கோப்பை நிறைய வரும். நல்ல உடம்புக்கு அது பெரிதில்லை. அவர் ஏற்கெனவே இரத்தம் குறைந்த மனிதர், அந்த இடத்திலேயே நினைவு தப்பிவிட்டது. துரைராசா பிழைத்தார், அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆனால் வாட்டில் போட்டு, வேறு இரத்தம் ஏற்றி, இரண்டு நாள் கழித்துத்தான் கண் தெளிந்தார்.

இதற்கிடையில் கட்டடம் முழுக்க என் பெயர்தான். மேளம் இரண்டு அடி அடித்து நிற்பதைக் கேட்டே போர்மன் பிடித்துவிட்டார் என்று ஒரு கதை ஒரு மணித்தியாலத்தில் பிறந்து, காலும் கையும் முளைத்து நடந்தது. பெரிய டொக்டர் கை குலுக்கினார். கன்ரீனில் எனக்கு இஞ்சி போட்டுத் தேத்தண்ணி வந்தது. குடித்தேன். ஆசைப்பட்டது முழுக்க ஒரே நாளில் கிடைத்தது, மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

மழை விட்ட பிறகு கோயில் கொட்டிலடிக்குப் போனேன். ஜெசிந்தா மண்ணைக் கிண்டி அந்த ஒட்டை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். ரேப் உரிந்து, செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

"இது உங்கட ஒட்டு தானே, ஐயா?"

"ஓம்."

"போன வெள்ளிக்கிழமை நான் கேக்கேக்க உங்களுக்குத் தெரியும்."

"ஓம்" என்றேன். "சொல்லேல்ல. நீர் தோக்கோணுமெண்டு நினைச்சனான்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நான் தப்பியிருப்பேன். அவள் ஈர மண்ணில் குந்தி இருந்தாள்.

"எனக்கும் தெரியும், ஐயா. தனி மீற்றர் எண்டு சொல்லேக்க நீங்க என்ர முகத்தைப் பாக்கேல்ல. என்னவோ ஒளிக்கிறீங்கள் எண்டு அண்டைக்கே விளங்கிட்டுது. வேதக்காரி கோயில் வயரைக் கழட்டினவள் எண்டு கதை வருமெண்டு ஒரு பயம். அது பொய்ச் சாட்டு, ஐயரிட்டக் கேட்டிருந்தா அவரே காட்டியிருப்பார். உண்மை என்னெண்டா, உங்களிட்டத் திரும்பி வந்து கேக்க எனக்கு மனம் வரேல்ல. கேட்டா நீங்கள்தான் கண்டுபிடிச்சதா ஆகிடும். ரெண்டு வருசமா நான் என்ன செய்தாலும், 'போர்மன் ஐயா பழக்கினவரோ' எண்டுதானே எல்லாரும் கேக்கினம்."

அவளை எல்லோரும் தூக்கிக் கொண்டாடுகிறார்கள் என்று நான் எரிந்துகொண்டிருக்க, என் பெயர் அவளை எரித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே அறையில், ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்து இரண்டு பேரும் வெந்திருக்கிறோம். நடுவில் துரைராசா கிடந்தார்.

அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "அந்த அக்கா வாட்டில இருந்து அழுறா. தன்ர கை நிண்டதாலதான் ரத்தம் உறைஞ்சதாம். தான்தான் மனுசனைக் கொல்லப் பாத்தவளாம். சிஸ்டர் சொல்லியும் கேக்கிறா இல்லை."

இது எனக்குத் தெரியாது. ஒரு கிழமை முழுக்க நான் யோசித்ததில், இப்படி ஒருத்தர் வந்து என் பிழையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார் என்று ஒருதரமும் யோசிக்கவில்லை.

இருவரும் வாட்டுக்குப் போனோம். துரைராசா கண்ணை மூடிக் கிடந்தார், கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. புவனம் கட்டில் பக்கத்தில் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். நான் கூரையைப் பார்த்துச் சொல்லவில்லை, அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"தங்கச்சி, உங்கட கையில ஒரு பிழையும் இல்லை. நான் போட்ட வயரிலதான் பிழை. அதை விட, போன வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லேல்ல."

புவனத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெல்ல விளங்கியது. "ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டார்.

ஜெசிந்தா எனக்குப் பக்கத்தில் நின்றாள். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன், வேலை கூட, வயது போய்விட்டது, எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன.

"பொறாமை, தங்கச்சி" என்றேன்.

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். போர்வையை இழுத்து அவரது நெஞ்சுவரை மூடிவிட்டார். பிறகு கோபமே இல்லாமல், உண்மையாகவே விளங்காமல் என்னைக் கேட்டார்.

"இவர் உங்களுக்கு என்ன செய்தவர், அண்ணை?"